தாதி மாணவரும் மருத்துவ மாணவரும் இயங்கலையில் சேர்ந்து கற்க எந்த வழி ஏற்றது?

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வளர்ந்து, இன்று மருத்துவம், தாதிமை, மருந்தியல், பிசியோதெரபி, உதவி மருத்துவ அதிகாரிப் பயிற்சி என்று வெவ்வேறு படிப்புகளில் இருக்கும் மாணவர்களை ஒன்றுசேர்த்து, ஒரு நோயாளியைக் குழுவாகக் கவனிப்பது எப்படி என்பதை இயங்கலை வழியாகக் கற்பிக்கலாம் என்ற யோசனை, எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற சுகாதாரப் பணியாளர் சிலரிடையே பேசப்பட்டு வருகிறது. செய்ய வேண்டும் என்பதில் எல்லாரும் ஒன்றுபட்டிருக்கிறார்கள். எப்படிச் செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. சிலர் காணொளிச் சந்திப்பே போதும் என்கிறார்கள். சிலர் நோயாளியைத் திரையில் உருவகப்படுத்திக் காட்டும் கணினிப் பாவனை மென்பொருள் வாங்க வேண்டும் என்கிறார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களை அனுப்பிவிட்டால் மாணவர்கள் தாமே படித்துக்கொள்வார்கள் என்பது வேறு சிலரின் எண்ணம். ஒரு நோயாளியின் கதையைப் பல வாரங்களுக்கு எழுத்து வழியே நடத்திச் செல்லலாம் என்பது நான்காவது கருத்து. இந்த நான்கையும் ஒப்பிட்டு, எங்கள் ஊர் மாணவர்களுக்கு எது பொருந்தும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

இயங்கலை ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் வழியைத் தேர்ந்தெடுப்பதற்கும் அதுவே அடிப்படை. இம்மாணவர்கள் ஒரே ஊர்க்காரர்களாக இருந்தும் ஒரே வகுப்பில் அமரும் வாய்ப்பு இல்லாதவர்கள். மூன்றாண்டு டிப்ளோமா பெறும் உதவி மருத்துவ அதிகாரிகள் உலு கிந்தா, சிரம்பான் போன்ற இடங்களில் உள்ள சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் படிக்கிறார்கள். அரசாங்க மருத்துவமனைகளில் நாம் காணும் தாதியரில் பலரும் அத்தகைய கழகங்களில் பயின்றவர்களே. மருத்துவ மாணவர்கள் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். ஒரே பல்கலைக்கழகம் என்றாலும் இடைவெளி குறைந்துவிடுவதில்லை: மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பள்ளி பினாங்கிலும் மருத்துவப் பள்ளி கிளந்தானின் குபாங் கெரியானிலும் இருக்க, நடுவே தித்திவங்சா மலைத்தொடர் கிடக்கிறது. பீடோங்கை ஒட்டிய செமிலிங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் போல மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், பிசியோதெரபி ஆகியவற்றை ஒரே வளாகத்தில் கற்பிக்கும் இடம் வாய்த்தவர்கள் நேரில் சந்தித்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு முதல் சந்திப்பே வேலைக்குப் போன பிறகு, வார்டில், அவசரத்துக்கு நடுவில்தான் நிகழ்கிறது.

சட்டமும் இவர்களைத் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. தாதியருக்கு 1950-ஆம் ஆண்டுச் சட்டம், மருந்தாளர்களுக்கு 1951, மருத்துவர்களுக்கு 1971, உதவி மருத்துவ அதிகாரிகளுக்கு 1977, பிசியோதெரபி உள்ளிட்ட துணைச் சுகாதாரத் தொழில்களுக்கு 2016 என்று பதிவும் ஒழுங்குமுறையும் வேறுவேறு. ஒவ்வொருவரின் தகுதியையும் காக்க அது வேண்டியதே. ஆனால் ஒருவரின் வேலை எங்கே முடிகிறது, அடுத்தவரின் வேலை எங்கே தொடங்குகிறது என்பதை மாணவப் பருவத்தில் எவரும் அருகிலிருந்து பார்ப்பதில்லை.

கற்பிக்கப்போவது என்ன என்பதிலும் தெளிவு வேண்டும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தொழில்களைச் சேர்ந்த மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் சேர்ந்து கற்பதே தொழிலிடைக் கல்வி என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டி வரையறுக்கிறது. ஐந்து தொழில் மாணவர்களை ஒரே விரிவுரையைக் கேட்கச் செய்வது இதில் சேராது. அமெரிக்காவில் 2011-இல் வகுக்கப்பட்ட தகுதிப் பட்டியல், இக்கல்வியின் உள்ளடக்கத்தை விழுமியங்கள், தத்தம் பொறுப்பை அறிதல், தொழில்களுக்கிடையே தொடர்பாடல், குழுப்பணி என்று நான்காகப் பிரித்தது. நான் வழிகளை ஒப்பிடும்போது இந்நான்கையும் மனத்தில் வைத்திருந்தாலும், முடிவைத் தீர்மானிக்கும் கேள்விகளாக இரண்டை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, குழுவில் உள்ள ஒருவர் இல்லாமல் மற்றவர்களால் வேலையை முடிக்க இயலாது என்ற நிலையை அந்த வழி உண்டாக்குகிறதா? மற்றொன்று, டிப்ளோமா மாணவர் ஒருவர் மருத்துவ மாணவரிடம் ‘இது சரியில்லை’ என்று சொல்ல அதில் இடமிருக்கிறதா?

இரண்டாவது கேள்வி எங்கள் ஊருக்கு மிகவும் வேண்டியது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மேல்-கீழ் வரிசை என்பது புத்தகத்தில் படித்தறிய வேண்டிய ஒன்றன்று. மருத்துவர் குறிப்பிட்ட நாளில் தோட்டத்துக்கு வந்து போவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் டிரெசர் எனப்படும் தோட்ட மருத்துவ உதவியாளரின் பொறுப்பு. தோட்ட மருத்துவ உதவியாளர்களுக்கென்றே 1965-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நோயாளியின் வீட்டு நிலவரம் முழுவதையும் அறிந்தவர் அந்த டிரெசர்தான். ஆனால் மருத்துவர் பேசும்போது அவர் குறுக்கிட்டதாக எவரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்த அடக்கத்தைப் பண்பாகப் போற்றி வளர்ந்த பிள்ளைகள்தாம் இன்று தாதி மாணவர்களாகவும் உதவி மருத்துவ அதிகாரி மாணவர்களாகவும் இருக்கிறார்கள்.

தாமே படித்துக்கொள்ளும் பாடத்தொகுதிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அமெரிக்க அரசாங்க அமைப்புகள் 2006-இல் வெளியிட்ட டீம்ஸ்டெப்ஸ் என்னும் குழுப்பணிப் பயிற்சித் தொகுப்பும், உலக சுகாதார நிறுவனம் 2011-இல் பல தொழில்களுக்கும் பொதுவாக வெளியிட்ட நோயாளர் பாதுகாப்புப் பாடத்திட்டமும் இலவசமாகக் கிடைக்கின்றன. பின்னதில் உள்ள 11 தலைப்புகளில் நான்காவது, குழுவில் பயனுள்ள உறுப்பினராக இருப்பதைப் பற்றியது. உள்ளடக்கம் தரமானது, செலவில்லை, விட்டுவிட்டுப் படிக்கலாம். ஆனால் குழுப்பணியைத் தனியாக அமர்ந்து படிப்பதில் உள்ள முரண் வெளிப்படை. முதல் வாரத்தில் எல்லாரும் ஒரே கலைச்சொற்களோடு தொடங்குவதற்கு மட்டும் இதைப் பயன்படுத்தலாம்.

கணினிப் பாவனை நோயாளியின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. திரையில் ஒரு நோயாளி இருப்பார். மாணவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வார். தவறான மருந்தைத் தேர்ந்தெடுத்தால் இரத்த அழுத்தம் இறங்கும். யாருக்கும் தீங்கில்லாமல் மறுபடியும் தொடங்கலாம். மாரடைப்பு, கடும் ஒவ்வாமை போன்ற அவசர நிலைகளில் எதை முதலில் செய்வது என்ற வரிசையைப் பழகுவதற்கு இது உதவும். எங்கள் நோக்கத்துக்கோ இதில் மூன்று இடர்கள் உள்ளன. இவ்வகை மென்பொருள்களில் பெரும்பாலானவை ஒரு மாணவரும் ஒரு கணினியும் என்ற அமைப்பில் உருவாக்கப்பட்டவை. அங்கே மாணவருக்குத் துணை நிற்பது நிரலே தவிர இன்னொரு தொழிலைச் சேர்ந்த மாணவர் அல்லர். பலர் சேர்ந்து இயங்கக்கூடியவை இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு நல்ல கணினியும் நிலையான இணைய வேகமும் ஆண்டுக் கட்டணமும் வேண்டும், எங்கள் மாணவர்கள் பலரிடம் இருப்பதோ கைப்பேசி. மேலும், அவற்றில் வரும் நோயாளி பெரும்பாலும் மேல்நாட்டு மருத்துவமனையின் தனியறையில் படுத்திருப்பவர். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டிலிருந்து மகனின் மோட்டார் சைக்கிளில் கிளினிக்குக்கு வருபவர் அல்லர். கருவியின் புதுமையைப் பார்த்துப் பணம் திரட்டுவது எளிது என்பதால் இந்த வழிக்கு ஆதரவு பெருகுமோ என்ற அச்சமும் எனக்கு உண்டு.

உண்மையான போட்டி காணொளிச் சந்திப்புக்கும் எழுத்து வழி நடக்கும் நோயாளர் கதைக்கும் இடையில்தான்.

காணொளிச் சந்திப்பின் பலம் முகம் பார்த்துப் பேசுவது. முன்பின் அறியாதவர்களிடையே நம்பிக்கை உண்டாக, பெயரும் குரலும் சிரிப்பும் வேண்டும். எழுத்தில் அது மெதுவாகவே வரும். சந்திப்புக்குள்ளேயே ஐந்தைந்து பேராகச் சிற்றறைகளுக்குப் பிரித்து அனுப்பலாம், ஆசிரியர் ஒவ்வோர் அறையாகச் சென்று கேட்கலாம், ஐயங்களை அங்கேயே தீர்க்கலாம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபிறகு மாணவர்கள் எல்லாரும் இதற்குப் பழகியும் இருக்கிறார்கள்.

இதன் முதல் சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. கெடாவிலும் கிளந்தானிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கு, பேராக், நெகிரி செம்பிலான் ஆகிய மாநிலங்களில் சனியும் ஞாயிறும். எல்லாருக்கும் பொதுவான நாள் சனிக்கிழமை ஒன்றே. அன்றும் தாதி மாணவருக்கு வார்டுப் பணிமுறை வரலாம், மருத்துவ மாணவர் மருத்துவமனைப் பயிற்சியில் இருக்கலாம். இரவு ஒன்பது மணிக்கு வைத்தால் பகலெல்லாம் நின்று களைத்தவர்கள் கேமராவை மூடிவிட்டுப் பெயரளவில் இருப்பார்கள். அடுத்தது இணைய வசதி. 2021-இன் இறுதியில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டு 4ஜி பரவலாக்கப்பட்டது உண்மையே என்றாலும், விடுமுறைக்கு வீட்டுக்கு வரும் மாணவர் செம்பனைக் காட்டுக்கு நடுவில் இருந்துகொண்டு பேசும்போது படம் உறைந்து நின்றுவிடுவது இன்னும் நடக்கிறது. பலர் சேர்ந்த காணொளிச் சந்திப்பு ஒரு மணி நேரத்தில் ஒரு ஜிகாபைட்டையும் தாண்டி விழுங்கக்கூடியது. முன்கட்டணத் தொகையில் வாழும் மாணவருக்கு அது சிறு செலவன்று. ஸூம் செயலியின் இலவசச் சந்திப்பு 40 நிமிடத்தில் முடிந்துவிடுவதும் தெரிந்ததே.

இவையெல்லாம் தீர்க்கக்கூடியவை. தீர்க்கக் கடினமானது, அந்தச் சந்திப்பில் யார் பேசுகிறார்கள் என்பது. பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஆங்கிலத்தில் நோயாளியைப் பற்றி எடுத்துரைத்துப் பழகியவர். அது அவருடைய அன்றாடப் பயிற்சி. பயிற்சிக் கழகத்தில் மலாய் மொழிச் சூழலில் இருப்பவருக்கு அதே வேகத்தில் ஆங்கிலம் வராது, வீட்டில் பேசும் தமிழில் மருத்துவம் பேசியும் பழக்கமிருக்காது. முதல் ஐந்து நிமிடத்தில் ஒருவர் பேச்சைக் கையிலெடுத்துக்கொள்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். சமூக உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இலேயே இதற்கு விளக்கம் தந்திருக்கிறார்: வெவ்வேறு குழுவினர் சந்தித்துக்கொள்வதால் மட்டும் மனத்தடை நீங்கிவிடாது, அச்சந்திப்பில் சம நிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, அமைப்பின் ஆதரவு ஆகிய நான்கும் இருக்க வேண்டும். காணொளிச் சந்திப்பு மற்ற மூன்றையும் தரக்கூடும். சம நிலையை அது தானாகத் தருவதில்லை.

எழுத்து வழி நோயாளர் கதையில் இதற்கு ஒரு வழி கிடைக்கிறது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் இனப்பிரிவினை நீக்கப்பட்ட பள்ளிகளில் மாணவர்களிடையே பகைமை மூண்டபோது, எலியட் ஆரன்சன் 1971-இல் ஓர் எளிய முறையை வகுத்தார்: பாடத்தைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு துண்டைக் கொடுப்பது, எல்லாருடைய துண்டும் சேராமல் பாடம் முழுமையாகாது. அதே முறையை நோயாளியின் தகவல்களுக்குப் பொருத்தலாம்.

எங்கள் ஊருக்கு எடுத்துக்காட்டாக ஐம்பத்தெட்டு வயதான ஒருவரை வைத்துக்கொள்வோம். செம்பனைக் குலை வெட்டியவர், பல ஆண்டுகளாக இனிப்பு நீர் (நீரிழிவு), காலில் ஆறாத புண், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருக்கிறார். மருத்துவ மாணவருக்கு மருத்துவமனையின் விடுவிப்புக் கடிதம் மட்டும் தரப்படும். அதில் மெட்ஃபார்மின், கிளிக்லசைடு ஆகிய நீரிழிவு மருந்துகளைத் தொடரச் சொல்லியிருக்கும். மருந்தியல் மாணவரிடம் மருந்துப் பட்டியலும், நோயாளி மருந்து வாங்க வராத மாதங்களின் குறிப்பும் இருக்கும். சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு 30-க்குக் கீழே இறங்கிவிட்டது என்ற இரத்தப் பரிசோதனை முடிவு, கிளினிக் அட்டையைப் பார்க்கும் உதவி மருத்துவ அதிகாரி மாணவரிடம் மட்டும் இருக்கும். கட்டு மாற்றப் போகும் தாதி மாணவரிடம், புரட்டாசி மாதம் முழுவதும் அவர் ஒருவேளை உணவோடு விரதம் இருக்கிறார் என்று மனைவி சொன்ன செய்தி இருக்கும். பிசியோதெரபி மாணவருக்கு, அவர் வீட்டுக்குப் பின்புறமுள்ள கழிப்பறைக்குப் படியிறங்கிச் செல்வது தெரியும். அந்த அளவுக்குச் சிறுநீரகம் பழுதான நிலையில் மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டும். பட்டினி கிடப்பவருக்குக் கிளிக்லசைடு சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். இந்த இரண்டு ஆபத்துகளில் எதையும் மருத்துவ மாணவர் தம்மிடமுள்ள கடிதத்தை வைத்து மட்டும் கண்டுபிடிக்க இயலாது. உதவி மருத்துவ அதிகாரி மாணவரும் தாதி மாணவரும் வாய்திறந்தாக வேண்டும். அவர்களைக் கேட்டாக வேண்டிய கட்டாயமும் மற்றவர்களுக்கு உண்டு.

இந்நோயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமுண்டு. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. எந்த மாணவரும் ‘இது என் வீட்டில் இல்லை’ என்று சொல்ல இயலாத நோய் இது.

எழுத்து முறையின் மற்றொரு நன்மை அவகாசம். தாதி மாணவர் இரவுப் பணி முடிந்து உறங்கி எழுந்து எழுதலாம். சொல்ல வேண்டியதை மலாயிலோ தமிழிலோ ஆங்கிலத்திலோ நிதானமாக அமைத்துக்கொள்ளலாம். மூன்றும் ஏற்கப்படும் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும். கூகுள் ஆவணம் போன்ற பொதுத் தாளில் குழு தன் பராமரிப்புத் திட்டத்தை எழுதினால், யார் எப்போது எதைச் சேர்த்தார், எதை மாற்றினார் என்பது பதிவாகியிருக்கும். புலன (வாட்ஸ்அப்) குழுவையே பயன்படுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நினைவூட்டலுக்கு அது போதும். ஆனால் ஐந்து பேர் பேசும் இடத்தில் நேற்றைய செய்தி இன்று மேலே போய் மறைந்துவிடும், யாரேனும் ஒருவர் வார்டில் எடுத்த படத்தை அங்கே பகிர்ந்துவிடும் ஆபத்தும் கூடவே இருக்கிறது.

குறைகளும் உள்ளன, அவை சிறியவை அல்ல. எழுத்தில் மௌனமாக இருப்பது காணொளியைவிட எளிது. ஒருவர் எழுத நால்வர் ‘நன்று’ என்று மட்டும் சொல்லிச் செல்லும் குழுக்கள் உருவாகும். தகவல் முழுவதையும் முதல் நாளே கொடுத்தால் முதல் வாரத்தோடு ஆர்வம் வடிந்துவிடும்; ஆகவே ஒவ்வொரு வாரமும் நோயாளியின் நிலை மாற வேண்டும், புதிய செய்தி ஒவ்வொரு முறையும் வேறொருவர் கையில் போய்ச் சேர வேண்டும். கதை எழுதுபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பீடோங் போன்ற ஊரில் பெயரை மாற்றிவிட்டால் ஆள் தெரியாது என்று எண்ணக் கூடாது. தோட்டத்தின் பெயர், கால் புண், மகன் செய்யும் வேலை ஆகிய மூன்றையும் சொன்னால் இன்னார் என்று சந்தைக்குப் போகிறவர்கூடச் சொல்லிவிடுவார். பலருடைய அனுபவங்களைக் கலந்து உருவாக்கிய நோயாளியாகவே அவர் இருக்க வேண்டும்.

எழுத்து முறையால் சற்றும் கற்பிக்க இயலாதது ஒன்றுண்டு: நேர நெருக்கடியில் பேசுவது. இதற்காகவே காணொளி வேண்டும் என்பது மாற்றுத் தரப்பின் வலுவான வாதம். அந்தப் பயிற்சி வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன், ஆனால் காணொளி தேவை என்ற பகுதியை ஏற்கவில்லை. பீடோங் கிளினிக்கில் இருக்கும் உதவி மருத்துவ அதிகாரி சுங்கைப்பட்டாணி மருத்துவமனையில் இருக்கும் மருத்துவரிடம் நோயாளியின் நிலையைச் சொல்வது தொலைபேசியில்தான். ஆகவே தொலைபேசி அழைப்பையே பயிற்சியாக்கலாம். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றி மருத்துவமனைகளுக்கு வந்துசேர்ந்த எஸ்பார் என்ற முறை இதற்கு ஏற்றது: இப்போதைய நிலை, பின்னணி, என் கணிப்பு, என் பரிந்துரை என்று நான்கு படிகளில் செய்தியைச் சொல்வது. ‘ஐயா, நோயாளிக்கு வியர்க்கிறது, சர்க்கரை இறங்கிவிட்டது’ என்பதோடு நின்றுவிடாமல், ‘கிளிக்லசைடை நிறுத்த வேண்டும் என்று கருதுகிறேன்’ என்று நான்காவது படியையும் தாதி மாணவர் சொல்லிப் பழக வேண்டும். நான்காவது படிதான் நம் பிள்ளைகளுக்குத் தொண்டையில் சிக்குவது. டீம்ஸ்டெப்ஸில் உள்ள இருமுறை எதிர்க்கேள்வி விதியையும் இதனோடு சேர்க்கலாம்: முதல் முறை சொன்னது காதில் ஏறவில்லை என்றால் இரண்டாவது முறையும் சொல்ல வேண்டும், அதன் பிறகும் ஏறவில்லை என்றால் அடுத்த நிலையிலுள்ள பொறுப்பாளரிடம் கொண்டுபோக வேண்டும். மருத்துவ மாணவருக்கு இதில் உள்ள பாடம், கேட்டதைத் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்துவது. அழைப்புக்குத் தரவுச் செலவு மிகக் குறைவு, கேமரா தேவையில்லை, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இருவர் மட்டும் என்பதால் நேரம் பொருத்துவதும் கடினமன்று.

ஆகவே என் தேர்வு, எழுத்து வழி நோயாளர் கதையை முதுகெலும்பாக வைத்து ஆறு வாரம் நடத்துவது. முதல் வாரத்தில் இலவசப் பாடத்தொகுதியிலிருந்து சில பகுதிகளும், ஒரு சனிக்கிழமையில் 40 நிமிட அறிமுகச் சந்திப்பும். அதில் நோயாளியைப் பற்றிப் பேசாமல், ஒவ்வொருவரும் தம் ஒருநாள் வேலையை விவரிக்கட்டும். இரண்டாம் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரம் வரை கதை நகரும். நான்காம் வாரத்தில் தொலைபேசி அழைப்பு. இறுதி வாரத்தில் மற்றொரு காணொளிச் சந்திப்பில் குழுக்கள் தங்கள் திட்டத்தை முன்வைக்கும், எடுத்துரைப்பவர் மருத்துவ மாணவராக இருக்கக் கூடாது என்ற விதியோடு. குழுவுக்கு ஒரு தொழிலிலிருந்து ஒருவர் மட்டுமே. மருத்துவ மாணவர்கள் அதிகமாகப் பதிவு செய்தாலும் ஒரே குழுவில் இருவரைச் சேர்க்கக் கூடாது.

பயன் உண்டா என்று எப்படி அறிவது? முன்னும் பின்னும் மனப்பான்மைக் கேள்வித்தாள் கொடுப்பது வழக்கம். 1999-இல் பிரிட்டனில் உருவான 19 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் குழுப்பணி நல்லது என்று மாணவர் தாளில் ஒப்புக்கொள்வதால் மருத்துவரைத் தொலைபேசியில் மறுத்துப் பேசுவார் என்று ஆகாது. இத்துறையின் சான்றுகளே அளவானவைதாம்: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் சேர்க்கத் தகுதி பெற்றவை 15 ஆய்வுகள், அவற்றில் ஏழு நல்ல விளைவையும் நான்கு கலப்பான விளைவையும் காட்டின, நான்கில் மாற்றம் தெரியவில்லை. ஆகவே நாம் பெரிய எண்களைத் தேடாமல், சிறுநீரக முடிவும் விரதச் செய்தியும் எத்தனை குழுக்களின் திட்டத்தில் இடம்பெற்றன, அழைப்பில் நான்காவது படி சொல்லப்பட்டதா என்பவற்றைப் பார்த்தால் போதும்.

மாணவர்கள் அனைவரும் ஒரே வளாகத்தில் இருப்பார்களானால் இத்தேர்வுக்கு இடமில்லை. நேரில் அமர்ந்து செய்வதே மேல், சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1996-இல் தொடங்கியதைப் போல மாணவர்களே சேர்ந்து நடத்தும் வார்டு வரை அது போகலாம். கணினிப் பாவனைக்கு யாரேனும் நன்கொடையாக உரிமம் தந்தால், அதை அவசர நிலைப் பயிற்சிக்கென்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் முடிவாகாதது வழிநடத்துநர் யார் என்பது. ஒவ்வொரு குழுவுக்கும் இருவர் வேண்டும். இருவரும் ஒரே தொழிலைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவரைத் தேடிப் பிடித்துவிட்டால் போதும் என்று ஊரில் நினைக்கிறார்கள். அவரோடு சம உரிமையுடன் அமர்ந்து, தேவைப்படும்போது மாணவர்களின் முன்னிலையிலேயே அவர் கருத்தை மறுத்துச் சொல்லக்கூடிய மூத்த தாதியோ உதவி மருத்துவ அதிகாரியோ கிடைக்கும் வரை முதல் குழுவைத் தொடங்க வேண்டாம் என்பது என் ஆலோசனை.